97 சதவீதமா, மௌனா லோவா அளவீடா?

பூமி சூடாவதற்கு மனிதர்களே காரணம் என்பதை நம்பாதவரிடம் எங்கிருந்து பேச்சைத் தொடங்குவது? இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, விஞ்ஞானிகளின் ஒருமித்த கருத்தை எண்ணாகச் சொல்வது. 2013-இல் ஆய்வாளர் ஜான் குக்கின் குழு பருவநிலை பற்றிய சுமார் 12,000 ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கங்களை அலசியது. காரணம் பற்றிக் கருத்துச் சொன்னவற்றில் 97 சதவீதம் மனிதர்களையே கைகாட்டின. ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் விஞ்ஞானிகள் மேலேயே சந்தேகப்படுபவரிடம் இது எடுபடாது. ‘மூன்றில் இரண்டு பங்கு சுருக்கங்கள் கருத்தே சொல்லவில்லையே’ என்பார். ஊரறிந்த முடிவை யாரும் சுருக்கத்தில் திரும்ப எழுதுவதில்லை என்று விளக்குவதற்குள் பேச்சு திசைமாறிவிடும்.

இரண்டாவது, சான்றையே முன்னால் வைப்பது. ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958 முதல் காற்றை அளக்கிறார்கள். அப்போது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு இருந்த, வெப்பத்தைப் பிடித்துவைக்கும் கார்பன் டை ஆக்சைடு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. எரிமலையிலிருந்து வந்ததோ? இல்லை. நிலக்கரி, எண்ணெய் இரண்டிலும் கார்பன்-13 எனும் சற்றே கனமான கார்பன் வகை குறைவு. காற்றிலும் அதன் விகிதம் குறைந்துகொண்டே வருகிறது. எரிமலை வாயு இப்படி ஒரு தடத்தை விடாது. சரி, பூமி சூடாவதற்குக் காரணம் சூரியனோ? அப்படியென்றால் மேலே உள்ள வளிமண்டல அடுக்கான ஸ்ட்ராடோஸ்பியரும் சூடாகியிருக்க வேண்டும். அது குளிர்ந்திருக்கிறது!

என் தேர்வு இரண்டாவதுதான். கேட்பவர் தானே சரிபார்க்கலாம், யாரையும் நம்பித்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயமில்லை. கேட்க அவருக்கு ஒரு நிமிடம்தான் இருக்கிறதென்றால் மட்டும் 97-ஐச் சொல்வேன்.