அம்மாவின் காலுக்கு யார் கையெழுத்து?

இந்த முறை ஊருக்குப் போனது கோயில் கொடைக்கோ கல்யாணத்துக்கோ அல்ல. அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். நான் இங்கிலாந்தில் முதியோர் வார்டு ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். இடுப்பு முறிந்து வரும் எழுபது, எண்பது வயதுக்காரர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் அன்றாட வேலை. அதனால் சில விஷயங்கள் என் கண்ணில் சட்டென்று பட்டன. ஊரில் வயதான அப்பா அம்மாவை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். இது அந்த ஒரு இடத்தில் மட்டும் நடப்பதும் அல்ல.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இடுப்பு முறிவு என்றால் சேர்த்த அன்றோ மறுநாளோ அறுவை செய்துவிட வேண்டும் என்பது இங்கிலாந்தின் வழிகாட்டுதல். தாமதிக்கத் தாமதிக்க நிமோனியா, படுக்கைப்புண், ரத்தக்கட்டு என்று ஒவ்வொன்றாக வரும். அம்மாவின் ரத்த அழுத்தத்தைச் சரி செய்ததும் தாமதமே இல்லாமல் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். அறுவை செய்த டாக்டர் கைதேர்ந்தவர். வார்டு சுத்தமாக இருந்தது. பிசியோதெரபிக்கு வந்த பையன் அவ்வளவு பொறுமைசாலி.

நான் போய்ச் சேர்ந்தது ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "ஏட்டி, காலை எடுத்திருவாங்களோ?"

எனக்குப் பகீரென்றது. தொடை எலும்பின் பந்து முனை உடைந்திருக்கிறது, அதை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்கப்போகிறார்கள், அவ்வளவுதான். அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அண்ணனுக்குத் தெரியும், மதினிக்குத் தெரியும், டொராண்டோவில் இருக்கும் சித்தப்பா மகனுக்குக்கூடத் தெரியும். அம்மாவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் அச்சடித்தது. அறுவையின் பெயர் எழுத வேண்டிய கோடு காலியாக இருந்தது. அடியில் அண்ணன் கையெழுத்து. அம்மா தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இன்றும் காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்கிறவள்.

இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "வயசானவங்க பயந்துருவாங்கன்னு வீட்டு ஆளுங்ககிட்ட வாங்குறதுதான் மேடம் வழக்கம்" என்றார். வழக்கம் என்பது உண்மைதான். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சமீரா கோலி வழக்கில் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை நர்ஸ் வேலையில் இருக்கிற எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 44 வயதுப் பெண் ஒருவர் வயிற்றில் கருவி விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்து மயக்க மருந்து வாங்கிக்கொண்டார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே உட்கார்ந்திருந்த அவருடைய அம்மாவிடம் ஒரு கையெழுத்தை வாங்கிக்கொண்டு கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வயதுக்கு வந்த, சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்காகப் பெற்ற தாய்கூடச் சம்மதம் தர முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அவர் மயக்கம் தெளியும்வரை காத்திருந்திருக்கலாம், உயிருக்கு அவசரம் ஒன்றும் இல்லை என்றும் சொன்னது. தாய்க்கே அந்த உரிமை இல்லை என்றால் மகனுக்கு எங்கிருந்து வரும்?

இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இருக்கிறது என்றுதான் தொடங்க வேண்டும். இல்லை என்று சொல்கிறவர்தான் அதைக் காட்ட வேண்டும். அவர் எடுக்கும் முடிவு நமக்கு முட்டாள்தனமாகப் பட்டாலும், அதை வைத்தே அவருக்குத் திறன் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. எங்கள் வார்டில் மகனோ மகளோ வந்து நின்றால் பேசுவோம், கருத்துக் கேட்போம். கையெழுத்து நோயாளியுடையது.

அன்று இரவு டியூட்டிக்கு வந்த இளம் நர்ஸ் செய்ததை அப்படியே சொல்கிறேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு அம்மாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். எக்ஸ்ரே ஃபிலிமை டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்து, "ஆச்சி, இந்தா பாருங்க, இந்தப் பந்துதான் உடைஞ்சிருக்கு. இதை மட்டும் மாத்துவாங்க. காலு உங்க காலுதான்" என்றாள். நடக்க வைப்பார்கள், முதலில் வலிக்கும், வாக்கர் வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அப்புறம், "இப்ப நான் சொன்னதை நீங்க எனக்குச் சொல்லுங்க பாப்போம்" என்றாள். ஆயுசு முழுக்கப் பிள்ளைகளிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட அம்மா, ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். "ஆபத்து என்னென்னன்னு டாக்டர்தான் சொல்லணும், நான் கூப்பிடுதேன்" என்று போய் அவரையும் அழைத்து வந்தாள். அறுவையைப் பற்றி விளக்குவது டாக்டரின் கடமை. நோயாளிக்குப் புரியவில்லை என்று தெரிந்தால் அதை எடுத்துச் சொல்வது நர்ஸின் கடமை. புதுப் படிவத்தில் அம்மா கண்ணாடி போட்டு, வாசித்து, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு ராத்திரி நடந்ததை என்னால் இன்னும் ஆறப்போட முடியவில்லை.

வயதானவர்களுக்குப் பெரிய அறுவைக்குப் பிறகு திடீர்க் குழப்பம் வருவது சகஜம். இல்லாத ஆட்களைக் கூப்பிடுவார்கள், டிரிப் ஊசியைப் பிடுங்குவார்கள். அம்மாவும் இறந்துபோன அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறாள், ஊசியைப் பிடுங்கியிருக்கிறாள். இரவு எட்டு மணிக்கு மேல் வார்டுக்குள் கூட ஆள் இருக்கக் கூடாது என்பது அங்கே விதி. அண்ணன் வராந்தாவில் படுத்திருந்தான். காலையில் நான் போனபோது அம்மாவின் இரண்டு மணிக்கட்டும் காஸ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டப்பட்டிருந்தன. இடது மணிக்கட்டில் வளையல் இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு தடம். கண்ணாடி மேசை இழுப்பறைக்குள் கிடந்தது.

அந்த இரவு டியூட்டி பார்த்தது வேறொரு பெண். இருபதுக்கு மேற்பட்ட கட்டில்களுக்கு அவள் ஒருத்தி, துணைக்கு ஒரு பயிற்சி மாணவி. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளை அந்த நிலைமையில் விட்டவர்கள்மேல் இருக்கிறது. கட்டிப்போட்டால் குழப்பம் கூடும், குறையாது. வலி, நீர்ச்சத்துக் குறைவு, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், தூக்கமின்மை, கண்ணாடி இல்லாமல் எல்லாம் மங்கலாகத் தெரிவது, இவற்றில் எது காரணம் என்று பார்க்க வேண்டும். மனநல மருத்துவமனைகளில் ஒருவரைக் கட்டி வைப்பதற்கு 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கடுமையான வரம்பு போட்டிருக்கிறது: உடனடியாக நேரக்கூடிய ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும், தேவையான நேரத்துக்கு மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு. எலும்பு வார்டில் கிடக்கும் ஒரு ஆச்சிக்கு அதைவிடக் குறைந்த மரியாதை போதும் என்று யாராவது சொல்ல முடியுமா? எங்கள் வார்டில் கட்டிலின் பக்கக் கம்பியைத் தூக்கி வைப்பதற்கே ஏன், எதற்கு என்று மதிப்பீடு செய்து எழுதி வைக்க வேண்டும்.

இன்சார்ஜ் சிஸ்டரிடம் பேசினேன். இரவில் கூட ஆள் இருக்கக் கூடாது என்ற விதியை அவர் அம்மாவுக்குத் தளர்த்தினார். அன்று இரவு மதினி பக்கத்தில் உட்கார்ந்தாள், தலைமாட்டில் சின்ன விளக்கு, முகத்தில் கண்ணாடி. கட்டு அவிழ்ந்தது. இரண்டொரு நாளில் அம்மா தெளிந்துவிட்டாள்.

பிறகு கேஸ் ஷீட்டின் நகல் கேட்டேன். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும்தான் தருவோம் என்றார்கள் கவுன்டரில். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளில் இருக்கிறது. அம்மாவின் கையெழுத்தோடு கடிதம் கொடுத்ததும் தந்தார்கள். வாசித்தேன். காலை ஆறு மணி நாடித்துடிப்பு எல்லா நாளும் 78. கட்டிப்போட்ட அந்த இரவுக்கு நேரே "ஸ்லெப்ட் வெல்", அதாவது நன்றாகத் தூங்கினார், என்று எழுதியிருந்தது.

நர்ஸிங் படிக்கும்போது முதலில் சொல்லித்தருவது, எழுதாததைச் செய்யாததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்பது. நடக்காததை எழுதுவது அதைவிட மோசம். அடுத்த டியூட்டிக்கு வருகிறவர் அதை நம்பித்தான் மருந்து கொடுப்பார். நாளைக்கு நுகர்வோர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தால், அந்த நர்ஸைக் காப்பாற்றக்கூடியதும் அந்தத் தாள்தான், மாட்டிவிடக்கூடியதும் அதே தாள்தான்.

பக்கத்துக் கட்டிலில் சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்த ஒரு பெரியம்மா. புற்றுநோய் எலும்புக்குப் பரவி, அதனால் தொடை முறிந்திருக்கிறது. மகன் எல்லா நர்ஸ்களிடமும் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நம் வீடுகளில் இது அன்பினால் நடப்பது. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அந்தப் பெரியம்மாவுக்கு ஏதோ இருக்கிறது என்று தெரிந்திருந்தது. ஒருநாள் மத்தியானம், அம்மாவுக்கு எக்ஸ்ரேயைக் காட்டிய அதே நர்ஸிடம், "எனக்கு என்னதான்மா? பயலுவ மறைக்கானுவ" என்று கேட்டுவிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஒன்றுமில்லை என்று பொய் சொல்லியிருக்கலாம், பலரும் அதைத்தான் சொல்வார்கள். இல்லையென்றால் மகனிடம் கேட்காமல் போட்டு உடைத்திருக்கலாம். அந்தப் பெண் இரண்டையும் செய்யவில்லை. "பெரியம்மா, உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுக்கிடணுமா, இல்ல மகன்கிட்ட விட்டுறலாமா? எது வேணும்னாலும் சரி. தெரிஞ்சுக்கிடணும்னா சாயங்காலம் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கேளுங்க, நான் கூடவே நிக்கேன்" என்றாள். பெரியம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கேட்கிறேன் என்றார். மகனிடமும் அவளே போய் முன்கூட்டியே சொன்னாள். சாயங்காலம் ஸ்கிரீனை இழுத்து மூடிவிட்டு மூன்று பேரும் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரிய வேண்டியதில்லை. மறுநாள் பெரியம்மா மகனிடம், நிலப் பட்டாவை மகள் பேருக்கும் சேர்த்து எழுதுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்குச் செய்து முடிக்க வேண்டிய வேலை இருந்திருக்கிறது.

தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. தெரிய வேண்டாம் என்று சொல்வதும் அவர் உரிமைதான். அவரைக் கேட்காமல் நாமே ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரிகளில் நெறிமுறைக் குழு உட்கார்ந்து விவாதிக்கிற விஷயத்தை அந்தப் பெண் மருந்து டிராலியைப் பிடித்துக்கொண்டே நின்று முடித்துவைத்தாள்.

அவளுடைய சம்பளத்தைக் கேட்டு வெட்கப்பட்டேன். அந்தத் தொகையை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதன் பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. பல இடங்களில் அது பரிந்துரையாகவே நிற்கிறது. அசல் சான்றிதழை வேலைக்குச் சேரும்போதே வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்கள் இன்னும் இருப்பதாக அவளுடைய தோழிகள் சொன்னார்கள். சான்றிதழைப் பூட்டி வைத்திருக்கும் நிர்வாகத்தை எதிர்த்து, "இந்த நோயாளியிடம் இன்னும் சம்மதம் வாங்கவில்லை" என்று ஒரு நர்ஸ் எப்படிச் சொல்வாள்? அரசு மருத்துவமனை ஒப்பந்த நர்ஸ்கள் 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் டி.எம்.எஸ். என்கிற மருத்துவப் பணிகள் இயக்குநரக வளாகத்தில் உட்கார்ந்து போராடியது பலருக்கு நினைவிருக்கும். அதைச் சம்பளப் பிரச்சினையாக மட்டும் பார்த்தோம். நோயாளிக்காகப் பேசும் தைரியம் வேலை நிச்சயத்திலிருந்துதான் வருகிறது.

வெளிநாட்டிலிருந்து போகிற நம்மவர்களிடமும் ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். வீடியோ காலில் வார்டு முழுக்கப் போனைச் சுழற்றிக் காட்டாதீர்கள். சித்தப்பா மகன் வார்டைச் சுற்றிக் காட்டச் சொன்னபோது மறுத்தேன். டயப்பர் மாற்றிக்கொண்டிருக்கும் பக்கத்துக் கட்டில் பாட்டி டொராண்டோவில் தெரிய வேண்டியதில்லை. நர்ஸ் கையில் ஐந்நூறு ரூபாயை மடித்துத் திணிக்காதீர்கள். கவனித்துக்கொள்ளுங்கள் என்று நாம் சொல்வது, யாருமே வராத கட்டிலை அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதாகிவிடும். நன்றி சொல்ல வேண்டும் என்றால் பெயரைக் குறிப்பிட்டு நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நானும் எழுதினேன். அதே கடிதத்தில் அந்த ராத்திரியைப் பற்றியும் எழுதினேன்.

கிளம்புவதற்கு முன்னால் இன்சார்ஜ் சிஸ்டர் கூப்பிட்டு, சம்மதப் படிவத்தைத் தமிழில் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். உட்கார்ந்து ஒரே பக்கத்தில் எழுதினேன். என்ன அறுவை, எதற்காக, என்ன பலன், பெரிய ஆபத்துகள் எவை, வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும். நோயாளிக்கு இவ்வளவும் தெரிய வேண்டும் என்று 2008 தீர்ப்பிலேயே இருக்கிறது. நோயாளியின் கையெழுத்துக்கு மேலே, "எனக்குப் புரிந்ததை நான் சொல்லிக் காட்டினேன்" என்று ஒரு வரி சேர்த்தேன். உறவினர் கையெழுத்துக்குச் சாட்சி என்ற இடத்தை மட்டும் விட்டேன். இன்சார்ஜ் சிஸ்டர் வாசித்துவிட்டு, எழுத்தை இன்னும் பெரிதாகப் போடச் சொன்னார், கண்ணாடி இல்லாதவர்களும் வாசிக்க வேண்டுமே என்று. மாற்றிக் கொடுத்தேன். நிர்வாகக் கூட்டத்தில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.