ஊதல்முனைக்கு எந்தச் செடி? கூடாரப்பூ, கல்மெத்தை, கனற்கிழங்கு

ஊதல்முனை என்று ஓர் ஊர். வருடத்தில் ஒன்பது மாதம் பனி, மூன்று மாதம் சேறு. மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில், சனிக்கிழமை பின்னேரங்களில், அக்காவின் மகளும் அவளுடைய கூட்டாளிமார் மூன்று பேரும் நானும் தாயக்கட்டை உருட்டிக் கதை சொல்லி வளர்த்துவரும் ஊர் அது. பெயர் ‘முனை’யில் முடிய வேண்டும் என்பது மருமகளின் விருப்பம். மண்முனை, மருதமுனை மாதிரி, ஊதல் காற்று அடிக்கிற முனை ஊதல்முனை. ஆட்கள் இருக்கிறார்கள், ஆடுகள் இருக்கின்றன, மலைக்கு அப்பால் பயப்படுவதற்கும் ஏதோ இருக்கிறது. அந்த மக்கள் எதை நம்பி உயிர் வாழ்கிறார்கள் என்பதற்கு மட்டும் இரண்டு மாதமாக விடை இல்லாமல் இருந்தது.

எங்களுக்குத் தென்னையும் பனையும் இருக்கிற மாதிரி அவர்களுக்கும் ஒரு செடி வேண்டும். ஒரு செடியைச் சரியாக அமைத்துவிட்டால் ஊரின் சாப்பாடு, வீடு, சண்டை, கலியாணம் எல்லாம் அதிலிருந்தே முளைத்துவிடும். ஆகவே இதை விளையாட்டுத்தனமாக எடுக்கவில்லை. கொப்பி நிறைய எழுதினோம். கடைசியில் மூன்று செடிகள் மிஞ்சின.

மூன்றுக்கும் முன்னால் ஒன்று வந்து போனது. பனிநெல்லி என்று பெயர் வைத்திருந்தோம். தின்றால் காயம் ஆறும், காய்ச்சல் விடும், களைப்புத் தீரும். அதை ஒரே நாளில் தள்ளிவிட்டோம். எல்லா நோய்க்கும் ஒரே பழம் என்றால் அங்கே யாரும் எதற்கும் தவிக்கத் தேவையில்லை. மருந்துக்கு ஓர் எல்லை இருக்க வேண்டும். 1535-36 குளிர்காலத்தில் ஜாக் கார்ட்டியேயின் ஆட்கள் இன்றைய கியூபெக் நகருக்குப் பக்கத்தில் பனியில் அகப்பட்டு, பல்முரசு வீங்கி, ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மண்ணின் மக்கள்தான் ஒரு மரத்தின் இலையையும் பட்டையையும் அவித்துக் குடிக்கக் காட்டிக் கொடுத்தார்கள். அது ஸ்கர்வி என்ற ஒரு நோய்க்கான மருந்து, அவ்வளவுதான். அந்த ஒன்றே மிச்சப் பேரைக் காப்பாற்றியது.

குளிர் ஒரு செடியை என்ன செய்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க எனக்கு வாவிக்கரைதான் உதவியது. இங்கே மார்கழி மாரியிலும் வெப்பமானி 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. உறைபனியை நாங்கள் எங்கே கண்டோம்? ஆனால் கண்டல் மரத்தைத் தினமும் காண்கிறோம். அது தண்ணீருக்குள்ளேயே நிற்கிறது, அந்தத் தண்ணீர் உப்பு. அதனால் தண்ணீர்ப் பஞ்சத்தில் நிற்கிற மரம் மாதிரித் தடித்த, மினுங்குகிற இலையோடு, உள்ளதைச் சிக்கனமாகச் செலவழித்து வாழ்கிறது. பனிநாட்டுச் செடிக்கும் அதே தாகம்தான். உறைந்த தண்ணீரை வேர் குடிக்க முடியாது. குளிர் கூடும்போது உயிரணுக்களுக்கு இடையில் பனிக்கட்டி பிடித்து, உள்ளே இருக்கிற தண்ணீரையும் வெளியே இழுக்கும். தாக்குப்பிடிக்கிற செடியில் உள்ளே மிஞ்சுகிற சாறு சீனி கூடிப் பாகு மாதிரித் தடிக்கும். பாகு லேசில் உறையாது. இதைச் சொன்னவுடன் மருமகள் கேட்டாள்: “அப்ப அந்தச் செடியிட சீனியை நாங்க எடுத்தா அது குளிரில செத்துப் போகும், என்ன மாமா?”

அந்தக் கேள்விதான் எங்களுக்கு அளவுகோல் ஆனது. செடி தன்னைக் காப்பாற்ற வைத்திருக்கிற எதை மனிதர் எடுக்கிறார்கள்? எடுத்தால் செடிக்கு என்ன ஆகும்? மூன்றையும் இந்த இரண்டு கேள்விகளால்தான் தட்டிப் பார்த்தோம்.

கூடாரப்பூவின் தாய் உண்மையில் இமயமலையில் இருக்கிறது. நேபாளம், சிக்கிம், பூட்டான் பக்கம் 4000 மீற்றருக்கு மேலே வளரும் நோபிள் ருபார்ப். சுற்றியுள்ள செடிகள் கணுக்காலைத் தாண்டாத இடத்தில் இது ஆள் உயரத்துக்கு எழும்பி நிற்கும். பூக்களைச் சுற்றி வெளிர்மஞ்சள் நிறத்தில், ஒளி ஊடுருவும் இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிந்து கிடக்கும். வெளிச்சம் உள்ளே போகும், கெடுதல் செய்யும் புறஊதாக் கதிர் தடுபடும், உள்ளே வெளியை விடச் சூடு. தனக்கென்று ஒரு கண்ணாடி வீடு கட்டிக்கொண்ட செடி! ஊதல்முனையில் இந்த இலைகளைக் காயவைத்து, ஆட்டுக்கொழுப்புப் பூசி, யன்னலுக்கு ஒட்டுவார்கள் என்று எழுதினோம். புளிப்பான தண்டு சாப்பாட்டுக்கு. கவிந்த இலைக்குள் நாற்று வளர்க்கலாம்.

அழகில் மற்ற இரண்டும் இதற்குப் பக்கத்தில் நிற்காது. மருமகள் கடைசி வரை இதற்காகத்தான் வாதாடினாள். ஆனால் இது ஒருமுறை பூத்து, விதைத்து, செத்துப்போகும். தாளிப்பனையும் பல பத்து வருடம் நின்று ஒரே தடவை பூத்துச் சாகிற மரம். தாளிப்பனையிலோ பூக்கும் வரை வருடம் வருடமாக ஓலை வெட்டலாம். கூடாரப்பூவில் நமக்கு வேண்டியது பூக்கிற நேரத்து இலை. அதை வெட்டினால் விதை குளிரில் கருகும். சரி, அந்த நட்டத்தையே கதையாக்கலாம் என்றாலும் பெரிய குறை ஒன்று மிஞ்சுகிறது. இது கோடையில் மட்டும் நிமிர்ந்து நிற்கிற பூ. மக்கள் பாடுபடுகிற ஒன்பது மாதத்திலும் மலையில் இருப்பது காய்ந்த தண்டு.

அந்த ஒன்பது மாதத்துக்குக் கல்மெத்தை ஒத்துவருகிறது. இதன் மூலம் அந்தீஸ் மலையின் யரெட்டா. பெரு, பொலிவியா, சிலி, ஆர்ஜென்டினா நாடுகளின் மேட்டுநிலத்தில் பாறைமேல் பச்சைப் பாயைப் போர்த்தியது போலக் கிடக்கும். ஆயிரக்கணக்கான சிறு தளிர்கள் நெருங்கி நெருங்கி, ஏறி நின்றாலும் அமுங்காத இறுக்கம். காற்றுக்குத் தலை கொடுக்காமல் தரையோடு படுத்துச் சூட்டைக் காப்பாற்றுகிற உத்தி. உள்ளே பிசின் நிறைய, ஆகவே நன்றாக எரியும். வளர்ச்சி வருடத்துக்குச் சுமார் ஒன்றரை சென்ரிமீற்றர். சிலவற்றின் வயது 3000 வருடம் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலியின் சுரங்கங்களுக்காக இதை வெட்டி வெட்டி எரித்தார்கள்.

விளையாட்டில் இதை வைத்துப் பார்த்தோம். மூன்றே சனிக்கிழமையில் பிள்ளைகள் ஊதல்முனையின் தெற்குச் சரிவு முழுவதையும் எரித்து முடித்துவிட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஒவ்வொரு இரவும் குளிர், ஒவ்வொரு இரவும் ஒரு துண்டு. நான்காம் சனிக்கிழமை எரிக்க ஒன்றும் இல்லை. அன்று விறாந்தையில் இருந்த அமைதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் மட்டக்களப்புத் தென்னந்தோட்டங்கள் சரிந்த கதையைப் பிள்ளைகளுக்கு அப்போதுதான் சொன்னேன். வைத்த தென்னம்பிள்ளை காய்க்க ஆறேழு வருடம். அந்த ஆறேழு வருடமே எங்கள் ஆட்களுக்கு எவ்வளவு நீளமாக இருந்தது! கல்மெத்தை அரை மீற்றர் தடிக்க முப்பது வருடத்துக்கு மேல் வேண்டும்.

ஒரு சிறுகதைக்கு இதைவிட நல்ல செடி கிடைக்காது என்பது என் எண்ணம். வருடக்கணக்காக ஓட வேண்டிய ஓர் உலகத்துக்கு இது சரிவராது. எரித்தால் முடிந்தது. எரிக்காமல் விட்டால் வெறும் பச்சைக் கல். இரண்டுக்கும் நடுவில் மனிதர் பேரம் பேச இடமே இல்லை.

கனற்கிழங்கில் அந்த இடம் இருக்கிறது. அதனால்தான் இதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத ஆசைப்படுகிறேன்.

வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் ஸ்கங்க் கேபேஜ் என்ற சதுப்புநிலச் செடி உண்டு. பனி உருகும் முன்னே பூக்கும். நிலத்தடியில் சேர்த்த மாப்பொருளை எரித்துச் சூடு உண்டாக்கி, பூவைச் சுற்றுக் காற்றை விட 15 முதல் 35 பாகை வரை கூடுதல் வெப்பத்தில் வைத்திருக்கும். பூவைச் சுற்றிப் பனி வட்டமாக உருகிக் கிடக்கும். செடி சூடு உண்டாக்குமா என்று பிள்ளைகள் நம்பவில்லை. தாமரையும் இதைச் செய்கிறது என்றேன். 1996இல் வெளியான ஓர் ஆய்வு, அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் காற்று 10 பாகைக்கு இறங்கியபோதும் தாமரைப்பூ 30 பாகைக்கு மேல் தன் சூட்டைக் காத்ததைக் காட்டியது.

ஒரு தை மாதம், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உறவினர் வீட்டுக்குப் போனபோது, விடியப்புறம் நாலரைக்கே குளத்தடிக்குப் போனோம். முதலை இல்லையென்று ஊராரிடம் கேட்டுத்தான் இறங்கினேன். தொடை வரை தண்ணீர் சில்லென்று இருந்தது. வாய் பாதி திறந்த ஒரு பூவுக்குள் விரலை விட்டேன். இதழின் வெளிப்பக்கம் பனியீரம், உள்ளே நடுப்பொகுட்டைத் தொட்டால் குழந்தையின் உள்ளங்கை மாதிரி இளஞ்சூடு. கரையில் நின்ற மருமகளுக்கு ஒரு பூவை வளைத்துப் பிடித்துக் கொடுத்தேன். விரலை விட்டவள் எடுக்கவேயில்லை. வீட்டுக்கு வரும் வழியிலேயே கனற்கிழங்கின் பாதி விதிகளை அவள் எழுதிவிட்டாள்.

அவள் எழுதிய விதிகள் இப்படி: குளிர்காலக் கடைசியில் பத்து நாள் பூ கனலும். அந்தப் பத்து நாளில் பிறந்த குட்டிகளை ஆட்டுக்காரர் பூவைச் சுற்றிய உருகுவட்டத்தில் படுக்கவைப்பர். உறை ஊற்றிய பால்முட்டியைப் பூவோடு அணைத்து வைத்தால் தயிர் விழும். வருடத்தில் ஊதல்முனைக்குத் தயிர் கிடைப்பது அந்தப் பத்து நாளில்தான். எருமைத்தயிரும் சீனியும் இல்லாமல் விருந்தை நினைத்துப் பார்க்காத ஊரில் பிறந்த பிள்ளை வேறெதை எழுதும்!

கிழங்கைத் தோண்டித் தின்னலாம், பசி ஆறும். தின்றால் அடுத்த வருடம் கனல் இல்லை. ஒவ்வொரு கிழங்கும் சோறா நெருப்பா என்று வீட்டுக்கு வீடு முடிவெடுக்க வேண்டும். அடுத்தது கடி. ஸ்கங்க் கேபேஜும் எங்கள் சேனையின் இனம்தான். சேனைக்கிழங்கை வெட்டிய கையில் வருகிற அந்த நமைச்சல், சரியாக வேகாததைத் தின்றால் தொண்டையில் ஊசி குத்துவது போன்ற கரகரப்பு, எல்லாம் கல்சியம் ஒட்சலேற்று என்ற ஊசிப் படிகங்களின் வேலை. எங்கள் வீட்டில் புளி விட்டு அவிப்போம். ஊதல்முனையில் புளியமரம் ஏது?

மூன்றாவது விடயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்கங்க் கேபேஜின் வேர்கள் சுருங்கும். சுருங்கிச் சுருங்கி வருடா வருடம் செடியைக் கீழே இழுக்கும். வயது போகப் போக ஆழம் கூடி, பழைய செடியைத் தோண்டி எடுப்பது பெரும்பாடு. இதை அப்படியே கனற்கிழங்குக்குக் கொடுத்தோம். இளங்கிழங்கை யாரும் களவெடுக்கலாம். நாற்பது வருடக் கிழங்கை யாரும் அசைக்க முடியாது, அதன் கனலும் பெரிது.

கூடாரப்பூவை வெட்டினால் பரம்பரை போகிறது, கல்மெத்தையை எரித்தால் காலம் போகிறது. கனற்கிழங்கில் போவது ஒரு வருடத்துச் சூடு. அது தாங்கக்கூடிய இழப்பு, ஆனால் வலிக்கிற இழப்பு. என் தெரிவு கனற்கிழங்குதான்.

மருமகள் உடனே சம்மதிக்கவில்லை. கொப்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுகா கேட்டாள்: “பழைய கிழங்கை வேற வளவுக்குக் கொண்டு போகேலாதெண்டா, ஆருக்குச் சீதனம்?” நான் யோசிக்க முன்னே அவளே சொன்னாள்: “இஞ்ச மாதிரித்தான் மாமா. வீடு வளவு பொம்புளைப் பிள்ளைக்கு. கிழங்கும் அவளுக்குத்தான். மாப்பிள்ளைதான் வரவேணும்.” தாய்வழிக் குடி பார்த்து, மகளுக்கு வீடு கொடுத்து, மருமகனை உள்ளே எடுக்கிற மண்ணில் பிறந்தவளுக்கு அது இயல்பாக வந்த விடை. அந்த ஒரு விதியால் ஊதல்முனையின் எல்லா வீடுகளுக்கும் முகம் வந்துவிட்டது.

மாப்பிள்ளை வெறுங்கையோடு வரலாமா என்று ஒரு பெடியன் கேட்டான். அதற்கும் அவளிடம் விடை இருந்தது. அவன் கோடையில் மலையேறி, பூத்து விதை உதிர்ந்த கூடாரப்பூவின் தண்டாகப் பார்த்து ஒரு கட்டு வெட்டிக் காயவைத்துத் தோளில் சுமந்து வர வேண்டும். அந்தப் புளிப்புத் தண்டைப் போட்டு அவித்தால்தான் கிழங்கின் கடி போகும். பெண்வீட்டு முற்றத்துக் கல்மெத்தையில் அவனை இருத்துவார்கள். அந்தக் கல்மெத்தையை யாரும் எரிப்பதில்லை. வரும் சனிக்கிழமை முதல் கலியாணம்.