கத்துகிற பிரேக், கம்பிக் கூடை: குன்னூரில் ஒரு கியர் சைக்கிள்

முதலில் பிரேக்கைப் பற்றிச் சொல்லித் தீர்த்துவிடுகிறேன். அது மனதில் இருக்கும்வரை இந்த சைக்கிளைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுத வராது.

21 கியர். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. இரண்டு சக்கரத்திலும் கேபிளால் இழுக்கிற டிஸ்க் பிரேக். இந்த விலையில் எல்லாக் கடையிலும் நிற்கிற வண்டிதான் இது, விவரப் பட்டியலைத் திரும்ப எழுதுவதில் அர்த்தமில்லை. பட்டியலில் இல்லாத விஷயம், ஈரம் பட்டால் முன் டிஸ்க் போடுகிற சத்தம். கீச்சு என்று சொன்னால் போதாது. தெருவில் நாய்கள் எழுந்து நிற்கும். குன்னூரில் ஈரமில்லாத நாளை எங்கே போய்த் தேடுவது? ஐப்பசி, கார்த்திகையில் மழை. மற்ற மாதங்களில், மதியம் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பள்ளத்திலிருந்து மேகம் ஏறிவந்து எல்லாவற்றையும் நனைத்துவிட்டுப் போகும்.

வாங்கிய கடையில் கேட்டபோது, "ஓட ஓட சரியாயிடும் சார்" என்றார்கள். ஓடியது. சரியாகவில்லை. மறுபடி கேட்டபோது, "டிஸ்க்னா அப்படித்தான் சார்" என்றார்கள். முதல் பதிலைவிட இரண்டாவது பதிலில்தான் எனக்குக் கோபம் வந்தது.

கடைசியில் வேறொரு மெக்கானிக்தான் பிரித்துக் காட்டிப் புரியவைத்தார். மலைப்பாதையில், இறங்கும்போதும் இரண்டாவது கியரில் வரச் சொல்லிப் பலகை வைத்திருப்பார்கள். பஸ்ஸை இன்ஜினே பிடித்துக்கொள்ளும். சைக்கிளுக்கு அந்த வசதி கிடையாது. எந்தக் கியரில் போட்டாலும் இறக்கத்தில் சக்கரம் தன் பாட்டுக்கு ஓடும், ஆளும் வண்டியும் சேர்ந்த மொத்த எடையும், சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க் தகட்டை இரு பக்கமும் கவ்வுகிற, விரல் நுனி அளவுள்ள பேட்களின் மேல்தான். பயந்து பயந்து லேசாகப் பிடித்தபடியே இறங்கினால் பேட் சூடேறி, மேல்பரப்பு இறுகி வழவழப்பாகிவிடும். அப்புறம் பிடிப்பு குறையும், சத்தம் ஏறும். விட்டு விட்டு, பிடிக்கும்போது அழுத்திப் பிடிக்க வேண்டும். அதைவிட இன்னொன்று: இந்த ரக பிரேக்குகள் பலவற்றில் ஒரு பக்க பேட் மட்டும்தான் நகரும். அது தகட்டை வளைத்து அசையாத பேட்டின் மேல் தள்ளும். அந்த அசையாத பேட்டை ஆலன் கீயால் தனியாகத் திருகி நெருக்கி வைக்க வேண்டும் என்று வாங்கும்போது யாரும் சொல்வதில்லை.

பேட்டிலும் இரண்டு வகை. பிசின் கலந்து செய்த ரெசின் பேட் சத்தம் குறைவு, ஆனால் மழையிலும் மண்ணிலும் சீக்கிரம் தேயும். உலோகத் தூளை இறுக்கிச் செய்த பேட் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும், நாள் வரும், ஆனால் சத்தம் அதிகம். எல்லாத் தகடும் உலோக பேட்டைத் தாங்காது, சிலவற்றில் ரெசின் மட்டும் என்று தகட்டிலேயே பொறித்திருப்பார்கள். என்னுடையதில் அப்படித்தான் இருந்தது. புது ரெசின் பேட், துருப்பிடித்த கேபிளுக்குப் பதில் புது கேபிள், தகட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தது, எல்லாம் முடிந்து போன வாரம் வண்டி கைக்கு வந்தது. இப்போது முன் பிரேக் சத்தமில்லை. பின் பிரேக் ஆரம்பித்திருக்கிறது.

சரி, நியாயம் என்று ஒன்று இருக்கிறது. அந்தச் சத்தத்தால் நடந்த நல்லதையும் சொல்ல வேண்டும். அருவங்காட்டுப் பக்கமிருந்து காலையில் நான் வெலிங்டன் வழியாக இறங்கிவரும்போது, வளைவுக்கு முன்னாலேயே டீக்கடைக்காரருக்கு நான் வருவது தெரிந்துவிடும். வண்டியைச் சாய்ப்பதற்குள் கிளாஸ் தயாராக இருக்கும். இந்த வாரம் சத்தமில்லாமல் போய் நின்றேன். "என்னண்ணா, பஸ்லயா வந்தீங்க?" என்றார். சாயங்காலம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ஏறி இறங்கும்போதும் அப்படித்தான். காட்டெருமை சாலையோரம் மேய்ந்துகொண்டு நிற்கும். பைக்கோ ஜீப்போ வந்தால் அதற்கு முன்கூட்டியே தெரியும். சைக்கிள்தான் சத்தமில்லாமல் பக்கத்தில் போய்த் திடுக்கிட வைக்கும். என் பிரேக் இருந்தவரை அந்தப் பிரச்சினை வரவில்லை. தூரத்திலேயே தலையைத் தூக்கிப் பார்க்கும், நான் நின்றுவிடுவேன், அது தன் இஷ்டத்துக்கு நகரும்வரை காத்திருப்பேன். இப்போது பெல்லை அடித்துக்கொண்டே வருகிறேன்.

இந்த வண்டியில் உண்மையிலேயே நல்ல பாகம் எது என்றால், அது வண்டியோடு வந்ததே இல்லை. ஹேண்டில்பாரில் பிறகு மாட்டிய கம்பிக் கூடை. கியர் சைக்கிளுக்குக் கூடையா என்று சிரிக்காதவர்கள் இல்லை. சிரிக்கட்டும். இந்த மலையில் நான் இன்னும் சைக்கிள் மிதித்துக்கொண்டிருப்பதற்கு அந்தக் கூடைதான் காரணம்.

உடம்பு இளைக்க வேண்டும், இத்தனை கிலோமீட்டர் எட்ட வேண்டும் என்று கணக்கு வைத்து ஏறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். சமவெளியில் அது நடக்கும். இங்கே கணக்கு மனதை உடைத்துவிடும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2,240. இடையில் இருபது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் அந்தத் தூரத்தைச் செயலியில் பார்த்தால், கோவையில் இருக்கிற மச்சினன் காலை வாக்கிங்கோடு ஒப்பிட்டுக் கிண்டல் செய்வான். பெரிய இலக்கு மேட்டில் ஒரு மிதிக்குக்கூட உதவாது. கொத்தமல்லி உதவும். "வரும்போது ஒரு கட்டு வாங்கிட்டு வந்துருங்க, அதான் கூடை இருக்கே" என்று வீட்டில் சொன்னால், சைக்கிளை எடுக்க ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

சாயங்காலத்துக்கு வர்க்கி, எங்கள் ஊர்ப் பக்கத்து மொறுமொறு அடுக்கு பிஸ்கட். ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனக்கு அதற்கு முன்பிருந்தே அது போதும். விறகு அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு ஒரு பொட்டலம் கட்டிக் கூடையில் வைத்துவிட்டால், வீடுவரை உள்ள மொத்த ஏற்றத்துக்கும் அந்த வாசனை முன்னால் போகும். இரண்டு வர்க்கி வழியில் காணாமல் போவதும் உண்டு. தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டும்போது இலை வாடுகிற வாசம். அதற்கு மேல் கற்பூர மரங்கள் நிற்கிற வளைவில் ஒரு நிமிஷம் மூச்சு வாங்கிக்கொள்வேன். அதுவரை நிற்கக் கூடாது என்பது எனக்கும் எனக்கும் உள்ள ஒப்பந்தம். ஞாயிற்றுக்கிழமை கேத்தி பாலாடா பக்கம் போனால், இயந்திரத்தில் கழுவி எடுத்த கேரட் குவிந்து கிடக்கும். தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு கிலோ கூடைக்குள். மே மாதத்தில் இன்னொரு சந்தோஷம் உண்டு, கொஞ்சம் கெட்ட சந்தோஷம். வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் இருந்தாலும், சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி நடக்கும் நாட்களில் பெட்போர்டு சாலையில் கார்கள் அப்படியே நின்றுவிடும். நான் ஓரமாக, பெல் அடித்தபடி, மெதுவாக, எல்லாரையும் தாண்டிப் போவேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரயில்வே கேட் மூடினாலும் எனக்கு வருத்தமில்லை. மலை ரயில் 1899-ல் குன்னூர் வந்தது. ஊட்டி போய்ச் சேர 1908 ஆயிற்று. ரயிலே ஒன்பது வருஷம் குன்னூரில் நின்று மூச்சு வாங்கிய மலையில், நான் வளைவுக்கு வளைவு நிற்பதை யார் குறை சொல்ல முடியும்? கல்லாறிலிருந்து குன்னூர்வரை தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் போட்டுத்தான் அதை ஏற்றுகிறார்கள்.

பல் என்றதும் ஞாபகம் வருகிறது. வண்டியோடு வந்த பின் பல்சக்கரங்களில் பெரியதற்கு 28 பல். முன்னால் சிறியதற்கு 24. சமவெளிக்குத் தாராளம், எங்கள் ஏற்றத்துக்குப் போதாது. முழங்கால் பேச ஆரம்பித்துவிடும். பெரியதில் 34 பல் உள்ள ஃப்ரீவீல், அதாவது பின் பல்சக்கரத் தொகுதி, மாற்றினேன். ஒரு மிதிக்குச் சக்கரம் 0.86 சுற்று சுற்றியது 0.71 ஆகக் குறைந்தது. வேகம் போய்விட்டது, அவமானமும் போய்விட்டது. மாற்றுமுன், செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தள்ளுகிற பின் டீரெய்லர் 34 பல்லைத் தாங்குமா, செயின் நீளம் போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது எனக்கு ஒரு விளையாட்டு உண்டு. வழக்கமாக மிக லேசான கியரில் ஏறும் வளைவை, உடம்பு ஒத்துழைக்கும் நாளில் ஒரு கியர் கனமாகப் போட்டு ஏறிப் பார்ப்பது. வேறு யாருக்கும் தெரியாது. ஏறிவிட்டால் அன்று ஆபீஸில் யார் திட்டினாலும் உறைக்காது.

சீட், டயர், பெயின்ட் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சீட் மோசம், எல்லா சீட்டும் மோசம்.

இதை இப்போது எழுதக் காரணம் விலை. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. வரி சேராத விலை 15,000 ரூபாய் என்றால் முன்பு 16,800, இப்போது 15,750. இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, குன்னூருக்கு மாற்றலாகி வரப்போகிற ஒரு நண்பன் இதே வண்டியை வாங்கலாமா என்று கேட்டான். மிச்சமாகும் பணத்தை முதல் மழைக்குள் பிரேக்குக்கே அழுதுவிடுவாய், வாங்காதே என்றேன். "அப்போ உன் வண்டியையே எனக்குக் குடுத்துடு" என்றான். நன்றாக இருக்கிறதே கதை!

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டரை. போன மாதம் கேட்டிருந்தால் நாலு போட்டிருப்பேன். பின் பிரேக்கையும் பிரித்துப் பார்த்தபிறகு மாற்றிப் போடுகிறேன்.