டர்பனில் சொந்த பீர்: ஏலா, லாகரா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பார் திறந்து, பின்கட்டிலேயே பீர் காய்ச்சி விற்க நினைப்பவர்களுக்கு முதலில் வரும் ஆசை லாகர்தான், அதாவது குளிரில் மெதுவாக நொதிக்கும் பீர். காஸில், பிளாக் லேபிள் லாகர்கள் பழகிய நாக்கு இந்த ஊருக்கு. அதே வகையை நாமும் ஊற்றினால் விற்காமலா போகும்? விற்கும். ஆனால் ஒரே ஒரு 500 லிட்டர் டேங்கை வைத்துக்கொண்டு லாகரில் இறங்கினால் வாடகைக்கே கட்டாது.

சற்றுச் சூட்டில் வேகமாக நொதிக்கும் பீர்தான் ஏல். அதன் ஈஸ்ட் 18–20 டிகிரியில் ஒரு வாரத்தில் வேலையை முடிக்கும். பிறகு சில நாள் குளிரவைத்துத் தெளியவிட்டால், இரண்டு வாரத்தில் டேங்க் காலி. லாகருக்கு 10–12 டிகிரியில் இரண்டு வாரம், அதன்பின் 1–2 டிகிரியில் நான்கு வாரம். ஆண்டுக்கு ஏல் 26 முறை, லாகர் 8 முறை. மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி, ஒரு முறைக்கு இரண்டுக்கும் 100 கிலோ பக்கம்தான். உலர் ஈஸ்ட் ஏலுக்கு 250–400 கிராம். குளிரில் சோம்பும் லாகர் ஈஸ்ட் 400–600 கிராம் கேட்கும். இங்கே கையை இறுக்கினால் நொதிப்பு இழுத்துக்கொண்டே போய், கந்தக வாடைதான் மிஞ்சும்.

ஏல் என்றால் குளிர்விப்பே வேண்டாம் என்று சொல்பவர்கள் டர்பனின் ஜனவரியைப் பார்க்காதவர்கள். அறை 30 டிகிரி. நொதிக்கும் ஈஸ்ட் அதற்கு மேலும் சூடு கிளப்பும். 25ஐத் தாண்டினால் பழவாடை, இன்னும் ஏறினால் தின்னர் நெடி. ஆகவே எதைக் காய்ச்சினாலும் சுற்றுச்சுவருக்குள் கிளைக்கால் என்ற குளிர்விக்கும் திரவம் ஓடும் ஜாக்கெட் டேங்க் கட்டாயம். லோட் ஷெட்டிங் மின்வெட்டு 4 மணி நேரம் வந்தாலும், நன்றாக உறையிட்ட டேங்க் ஒரு டிகிரிதான் ஏறும். பயப்பட வேண்டியது நாள்கணக்கில் போகும் மின்சாரத்துக்கு. ஏலுக்கு ஆபத்தான காலம் முதல் மூன்று, நான்கு நாள். லாகரோ ஆறு வாரமும் மின்சாரத்தை நம்பிக் கிடக்கும்.

லாகரின் இன்னொரு தொல்லை நெய்வாடை, அதாவது டயாசெட்டில். ஏலிலும் வரும், ஆனால் அந்தச் சூட்டில் ஈஸ்டே அதைச் சீக்கிரம் தின்றுவிடும். லாகரை நொதிப்பு முடியும் தறுவாயில் 16–18 டிகிரிக்கு ஏற்றி இரண்டு, மூன்று நாள் விட வேண்டும். குளிரவைக்கும் முன் இரண்டு கிளாஸில் மாதிரி பிடித்து, ஒன்றை மூடி 60 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வையுங்கள். ஆறவிட்டு இரண்டையும் முகர்ந்தால் தெரியும்: சூடுபட்டதில் நெய்வாடை அடித்தால் இன்னும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டுக் குளிரவைத்தால் வாடை பீப்பாயில் வந்து நிற்கும்.

சூடு தாங்கும் ஈஸ்டும் ஒன்று உண்டு: நார்வேயின் க்வைக் ஈஸ்ட் 35 டிகிரியிலும் நான்கைந்து நாளில் சுத்தமாக நொதிக்கும். லாகர் போலவே இருக்கும் என்று விற்காதீர்கள், குடிப்பவர் கண்டுபிடித்துவிடுவார்.

உரிமம் எதற்கானாலும் ஒன்றே: மாகாணத்தின் மது தயாரிப்பு உரிமம், வரித்துறையான சார்ஸில் கலால் பதிவு. பீருக்கான கலால் அதிலுள்ள சுத்த ஆல்கஹால் லிட்டர் கணக்கில். 500 லிட்டர் 4 சதவீத பீரில் 20 லிட்டர், 6 சதவீதத்தில் 30.

எனவே முதல் வருடம் 4 சதவீத வெளிர் ஏல் காய்ச்சி, லாகரை வெளியே வாங்கி ஊற்றுவதே நல்லது. ரொட்டிக்குள் காரக் குழம்பு ஊற்றிய பன்னி சௌ சாப்பிடும் ஊரில் கசப்பை 20 ஐபியு (பீர்க் கசப்பின் அளவு) பக்கமே வையுங்கள், அதிகக் கசப்பு மிளகாய்க் காரத்தைக் கிளறிவிடும். கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவுக்கு, ஜார்ஜ் நகரப் பக்கத்தில் விளைவதே போதும்: கசப்புக்கு சதர்ன் ப்ராமிஸ், மணத்துக்குக் கடைசியில் ஆப்பிரிக்கன் குயின். இரண்டாவது டேங்க் வந்ததும் ஜூன் மாதத்தில் முதல் லாகரை ஏற்றுங்கள். குழாய்த் தண்ணீர் அப்போது குளிர்ந்திருக்கும். கொதித்த வோர்ட்டை, அதாவது நொதிக்காத மால்ட் சாற்றை, 10 டிகிரிக்கு இறக்க ஐஸ் தண்ணீர் குறைவாகவே பிடிக்கும்.