ஆண்டர்சன் தெருவில் தைத்து வாங்கிய ஸ்கெட்ச் நோட்டு

தினமும் ஒரு படம் வரைந்து, அதன் பக்கத்திலேயே அன்றைக்கு மனதில் ஓடியதை நாலு வரி எழுதி வைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரைய மட்டும் என்றால் நல்ல நோட்டு நிறைய இருக்கிறது, எழுத மட்டும் என்றாலும் இருக்கிறது. இரண்டும் ஒரே பக்கத்தில் வேண்டும் என்றால்தான் சிக்கல். வாட்டர்கலர் நோட்டின் சொரசொரப்பில் பேனா தடுக்கித் தடுக்கிப் போகும். எழுதச் சுகமாக இருக்கும் டைரித் தாளில் ஈரத் தூரிகை பட்டாலே தாள் நெளிந்து, சாயம் அடுத்த பக்கத்துக்கு இறங்கிவிடும். சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தாளை நாமே வாங்கி, அங்கேயே ஒரு சந்தில் இருக்கும் சின்ன பைண்டிங் கடையில் கொடுத்துத் தைத்துக்கொள்வதுதான் எனக்குக் கிடைத்த வழி. இதைவிட நல்ல ஸ்கெட்ச் நோட்டை நான் கையில் எடுத்ததில்லை.

உயர்நீதிமன்ற மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். கல்யாணப் பத்திரிகை, டைரி, காலண்டர் என்று தெரு முழுக்கக் காகித வியாபாரம். தாளைத் தடவிப் பார்த்து வாங்கலாம், மாதிரித் துண்டு கேட்டால் பெரும்பாலும் தருகிறார்கள், அதில் உங்கள் பேனாவால் எழுதிப் பாருங்கள். நான் எடுப்பது 200 ஜிஎஸ்எம், வழவழப்பாக ஆனால் பளபளப்பு இல்லாத தாள். ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். ஜெராக்ஸ் தாள் 70, 80 தான் வரும். 300 இன்னும் நன்றாகத் தண்ணீர் தாங்கும், ஆனால் நோட்டு தடித்துப்போய் பையில் வைக்கத் தோன்றாது, பையில் இல்லாத நோட்டில் தினமும் வரைய முடியாது. எடை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். மாதிரித் துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், உடனே உறிஞ்சிக்கொண்டால் அந்தத் தாளில் வண்ணம் திட்டுத் திட்டாகத்தான் நிற்கும், கொஞ்ச நேரம் மேலேயே நின்றால் வாங்கலாம்.

22க்கு 30 அங்குல முழுத் தாளை எட்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்தால் ஏ5ஐவிட, அதாவது ஏ4 தாளில் பாதியைவிட, கொஞ்சம் சின்னதாக 32 பக்கம் கிடைக்கும். மூன்று தாளில் 96 பக்கம். தினம் ஒரு பக்கம் என்றால் மூன்று மாதத்துக்கு ஓடும். நார், அதாவது தாளுக்குள் ஒரே திசையில் படிந்திருக்கும் இழை, நீளவாக்கில் ஓடும் தாளாகக் கேட்டு வாங்குங்கள், அப்போதுதான் மடிப்பு நாரோடு போகும். குறுக்கே மடித்தால் தடித்த தாள் மடிப்பில் வெடிக்கும், பக்கமும் படியாது.

இனி தையல். பைண்டர் நான்கு நான்கு மடிப்பாக அடுக்கி, ஆறு கட்டாக்கி, ஒவ்வொன்றையும் கையால் நூல் தைத்துச் சேர்க்கிறார். இந்த ஒரு வேலைக்காகவே அவரிடம் போகலாம். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தட்டையாகப் படிகிறது, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து மயிலைத் தெப்பக்குளத்தை வரைந்தால் நடுவில் கோடு உடைவதில்லை. வெறும் பசையில் ஒட்டிய நோட்டு ஈரம் பட்டுப் பட்டு ஏடு ஏடாகக் கழன்றுவிடும். இவர் மைதா பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலக்கிறார், பூச்சி அரிக்காது. அட்டைக்குக் காலிகோ என்கிற பைண்டிங் துணி.

சென்னைக் காற்றின் ஈரத்தில் வண்ணம் காய நேரமெடுக்கும். அந்த இடைவெளியில்தான் நான் எழுதுகிறேன். பறக்கும் ரயிலில் எதிரே தூங்கிய யாரோ ஒரு அம்மாவின் கையை வரைந்த அன்று, பக்கத்தில் எழுதியது என் அப்பாவின் மருந்துச் சீட்டைப் பற்றி. படத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் இப்போது அந்தக் கையைப் பார்த்தாலே அன்றைய கவலை முழுசாகத் திரும்பி வருகிறது. தனியே டைரி எழுதி, தனியே வரைந்திருந்தால் இது நடந்திருக்காது. அதனால்தான் ஒரே தாள் இரண்டையும் தாங்க வேண்டும் என்று இவ்வளவு சொல்கிறேன். பேனாவுக்கு மட்டும் நீரில் கரையாத பிக்மென்ட் மை போடுங்கள், சாதாரண ஃபவுண்டன் பேனா மை மேல் தூரிகை பட்டால் எழுத்தும் கோடும் கரைந்துபோகும்.

குறை இல்லாமல் இல்லை. சொன்ன நாளில் கைக்கு வராது, இரண்டு மூன்று நாள் தள்ளியே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓரம் வெட்டியது சில சமயம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. எலாஸ்டிக் பட்டை, உள்ளே பை போன்றவை கேட்டால் செய்வார், ஆனால் அவ்வளவு நேர்த்தி இருக்காது, நான் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். செலவில் பெரும்பகுதி தாளுக்குத்தான், கூலி குறைவு. அதனால் கூலியில் பேரம் பேசாதீர்கள், அது கை வேலை.

தீபாவளிக்குப் பிறகு ஜனவரி வரை டைரி, காலண்டர் வேலை நெரிக்கும், பள்ளி திறக்கும் ஜூனிலும் அப்படித்தான். பிப்ரவரி, மார்ச்சில் போங்கள். ஞாயிறு கடை கிடையாது. முதல் தடவை ஒரே ஒரு நோட்டு மட்டும் தைக்கக் கொடுங்கள், அது முடிகிறபோது உங்கள் கைக்கு எந்தத் தாள் ஒத்துவருகிறது என்று தெரிந்திருக்கும், அப்புறம் வருஷத்துக்குத் தேவையானதை மொத்தமாகக் கொடுக்கலாம்.