ஃபெரூமாக்ஸிட்டால்: எம்ஆர்ஐ அறைக்கு வந்த ரத்தசோகை மருந்து

ஃபெரூமாக்ஸிட்டால் ரத்தசோகைக்கான ஊசிமருந்துக் குப்பி. ஃபெராஹீம் என்ற பெயரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2009-இல் அனுமதி கொடுத்தது சிறுநீரக நோயாளிகளின் இரும்புச்சத்துக் குறைவுக்குத்தான். உள்ளே இருப்பதோ காந்த நானோதுகள்: 6, 7 நானோமீட்டர் இரும்பு ஆக்சைடு மையம், அதைச் சுற்றிச் சர்க்கரைப் பாலிமர் உறை, மொத்தம் சுமார் 30 நானோமீட்டர். எம்ஆர்ஐக்கென்றே வந்த இரும்பு கான்ட்ராஸ்ட் (படத்தில் வேறுபாடு தெரிய ஏற்றும் மருந்து) ஃபெரிடெக்ஸ் சந்தையை விட்டுப் போய்விட்டது. ஃபெரூமாக்ஸிட்டால் கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டது. ஃபெராஹீமை ரத்தக்குழாய்ப் படத்துக்காகப் போடுவது லேபிளில் இல்லாத உபயோகம், அதை நோயாளியிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இதன் பலம் ரத்தக்குழாய்ப் படங்களில். எம்ஆர்ஐயில் வழக்கமாகப் போடும் கான்ட்ராஸ்டான கேடோலினியம் சில நிமிடங்களில் திசுக்களுக்குள் கசிந்துவிடும். இது ரத்தத்திலேயே தங்கும், அரை ஆயுள் (பாதியாகக் குறையும் நேரம்) சுமார் 15 மணி நேரம். மூச்சை அடக்க முடியாதவரா, நடுவில் அசைந்துவிட்டாரா, அவசரமே இல்லை, மறுபடி எடுக்கலாம். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு கேடோலினியத்தால் வரக்கூடிய என்எஸ்எஃப் என்ற தோல் இறுகும் நோயைப் பற்றிய கவலையும் இங்கே இல்லை. இது கலந்த ரத்தம் படத்தில் வெளுப்பதால், சிரைகளில் உறைந்த ரத்தம் வெள்ளைக் குழாய்க்குள் கருந்திட்டாகப் பளிச்சென்று தெரியும். இந்த ஒரு வேலைக்காகவே வைத்துக்கொள்ளலாம்.

தயாரிப்பில்தான் கவனம் வேண்டும். குப்பியில் 17 மி.லி., அதில் 510 மி.கி. இரும்பு, அதாவது மி.லி.க்கு 30 மி.கி. படத்துக்கு வழக்கமான அளவு கிலோவுக்கு 3 முதல் 4 மி.கி. 4 மி.கி. கணக்கில் 60 கிலோ எடையுள்ளவருக்கு 240 மி.கி., அதாவது 8 மி.லி. நீர்த்த பிறகு மி.லி.க்கு 2 முதல் 8 மி.கி.க்குள் நிற்க வேண்டும் என்கிறது லேபிள். ரத்தசோகைக்கு முழுக் குப்பி போடுகிறவர்கள் 200 மி.லி. சலைன் பையைப் பழக்கத்தில் எடுப்பார்கள்; இந்த 8 மி.லி.யை அதில் கலந்தால் செறிவு 1.2-க்கும் கீழே போய்விடும். 50 மி.லி. பை போதும், 4 சொச்சத்தில் நிற்கும்.

சிரிஞ்சில் எடுத்து நேரடியாக ஏற்றுவது கூடவே கூடாது. கடும் ஒவ்வாமையால் மரணங்கள் நேர்ந்ததால் 2015-இல் லேபிளின் மிகக் கடுமையான எச்சரிக்கையான கறுப்புக் கட்ட எச்சரிக்கை வந்தது: குறைந்தது 15 நிமிடம் சொட்டாக, நோயாளி சாய்ந்த நிலையில், முடிந்தபின் 30 நிமிடம் ரத்த அழுத்தமும் நாடியும் பார்த்தபடி. முன்பு எந்த இரும்புச்சத்து ஊசிமருந்துக்காவது ஒவ்வாமை வந்திருந்தால் வேண்டாம். பல மருந்துகள் ஒத்துக்கொள்ளாதவரிடம் இருமடங்கு எச்சரிக்கை. சொட்டை ஸ்கேனர் அறைக்கு வெளியே, அவசர மருந்து கைக்கெட்டும் இடத்தில் முடித்துவிட்டு உள்ளே அழைத்துப்போவது நல்லது.

மெதுவாக ஏற்றுவதற்கு ஒரு விலை உண்டு. தமனி மட்டும் ஒளிரும் கட்டமே கிடைக்காது. தமனியும் சிரையும் ஒன்றாக வெளுக்கும். கல்லீரல் கட்டி தமனிக் கட்டத்தில் எப்படி நிறம் மாறுகிறது என்று பார்க்க வேண்டுமானால் இது ஆகாது. இன்னொரு தவறு எக்கோ நேரத்தில், அதாவது ரேடியோ அலையைத் தூண்டியதிலிருந்து சமிக்ஞையைப் பதிவு செய்யும் வரையிலான இடைவெளியில். ரத்தக்குழாயை வெளுப்பாகக் காட்டும் டி1 கிரேடியன்ட் எக்கோ என்ற ஸ்கேன் முறையில் அதை முடிந்தவரை குறைத்து வையுங்கள். நீட்டினால் அதே இரும்பின் சமிக்ஞையைக் குறைக்கும் டி2* விளைவு மேலோங்கி, வெளுக்க வேண்டிய குழாய் கறுத்துவிடும். கான்ட்ராஸ்ட் போகவே இல்லையோ என்று அப்போதுதான் குழப்பம் வரும்.

எங்களுக்குப் பெரிய குறையாகப் படுவது எச்சம். துகள்களைக் கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜையின் மேக்ரோஃபேஜ்கள் (அந்நியத் துகள்களை விழுங்கும் செல்கள்) விழுங்கிக்கொள்வதால் 3 மாதம் வரை அடுத்த எம்ஆர்ஐ மாறித் தெரியலாம். கல்லீரல் இரும்பளவை அறியும் ஸ்கேன் தேவைப்படுமென்றால் அதை முதலில் முடித்துவிடுங்கள். ஊசி போட்ட தேதி அறிக்கையில் இல்லாவிட்டால் அடுத்த மருத்துவர் அதை இரும்பு மிகைப்பு என்றே எழுதிவிடுவார். 24 மணி நேரத்துக்குள் எடுத்த ரத்த இரும்புச் சோதனையும் கூட்டிக் காட்டும். சி.டி.க்கும் அல்ட்ராசவுண்டுக்கும் தொல்லை இல்லை.

காந்தம் வைத்து இதைக் கட்டிக்கு இழுத்து மருந்து சேர்க்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. உறையின் பலவீனமான பிணைப்பில் புற்றுநோய் மருந்தான டாக்ஸோரூபிசினை ஏற்றிய ஆய்வுகள் உள்ளன, அதுவரை சரி. இழுவிசை மையத்தின் கன அளவைப் பொறுத்தது: விட்டம் பாதியானால் விசை எட்டில் ஒரு பங்கு. 7 நானோமீட்டர் மையத்தை ஓடும் ரத்தத்தில் வெளியிலிருந்து பிடித்து நிறுத்த முடியாது. காந்தத்தை விட்டுத் தள்ளிப்போகப் போக விசை இன்னும் வேகமாகச் சரியும். அந்த வேலைக்குப் பெரிய மையங்களின் கொத்துதான் வேண்டும்.