ஜிங்கிளை மதிக்கும் ஒரு பழைய பாட்டு வானொலி

அறுபது, எழுபதுகளின் அமெரிக்க, பிரிட்டிஷ் பாப் பாட்டும் சோல் பாட்டும் (கறுப்பின அமெரிக்கர்களின் உணர்ச்சி ததும்பும் பாட்டு வகை) நாள் முழுக்கப் போடுகிற இணைய வானொலிகள் எக்கச்சக்கமாக இருக்கின்றன. முக்கால்வாசி வெறும் பாட்டு வரிசைதான். ஒன்று முடிந்தால் இன்னொன்று வரும், நடுவில் ஒன்றும் இருக்காது. நான் இப்போது விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும் நிலையம் அந்தக் காலத்து ஒரிஜினல் ஜிங்கிள்களைத் தேடிப் பிடித்து, எதை எங்கே போட வேண்டும் என்று தெரிந்து போடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே கேட்கலாம்.

இங்கே ஜிங்கிள் என்பது விளம்பரப் பாட்டு அல்ல. நிலையத்தின் பெயரையோ அலைவரிசை எண்ணையோ சிலர் சேர்ந்து பாடும், சில விநாடியே ஓடும் துண்டு. இந்தத் தொழிலின் தலைநகரம் அமெரிக்காவின் டல்லாஸ். 1951-இல் பில் மீக்ஸ் அங்கே தொடங்கிய பேம்ஸ் நிறுவனம் பின்னணி இசையை ஒரு தடவை பதிவு செய்து வைத்துக்கொள்ளும். எந்த நிலையம் வாங்குகிறதோ அதன் பெயரை அதே மெட்டில் பாடிச் சேர்த்துக் கொடுக்கும். நியூயார்க்கின் டபிள்யூ.ஏ.பி.சி. வானொலியும் வாங்கியது, இங்கிலாந்துக் கரைக்கு அப்பால் கப்பலிலிருந்து ஒலிபரப்பிய ரேடியோ லண்டனும் வாங்கியது. 1967 ஆகஸ்டில் கப்பல் வானொலிகளுக்கு எதிரான சட்டம் வந்து ரேடியோ லண்டன் மூடப்பட்டது. அடுத்த மாதம் 30-ஆம் தேதி பி.பி.சி. தொடங்கிய ரேடியோ ஒன் அதே பேம்ஸ் ஜிங்கிள்களோடுதான் வந்தது. சட்டம் போட்டு விரட்டிய சத்தத்தை நாட்டின் பொது வானொலியே திரும்பக் கொண்டுவந்தது என்றால் அதற்கு எவ்வளவு பலம் இருந்திருக்க வேண்டும்!

இந்த நிலையத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேகம் மாற்றும் ஜிங்கிள்கள். துள்ளலான தாளத்தில் ஆரம்பித்து, பாடிக்கொண்டே தளர்ந்து, மெல்லிசையாக முடியும். இதற்கு நேர் எதிரான வகையும் உண்டு. டிரம்ஸ் அதிரும் டெட்ராய்ட் நகரத்துப் பாட்டு ஒன்று முடிகிறது, அடுத்து மெதுவான காதல் பாட்டு வரவேண்டும், நடுவில் முதல் வகைத் துண்டு வந்து நம்மைக் கைபிடித்து இறக்கிவிடுகிறது. பாட்டு வரிசை ஆயிரம் வைத்திருந்தாலும் இது கிடைக்காது. அப்புறம் சோனோவாக்ஸ் என்ற கருவி. இரண்டு சின்ன ஒலிபெருக்கிகளைத் தொண்டையின் இரு பக்கமும் அழுத்தி வைத்து இசைக்கருவியின் ஒலியை உள்ளே அனுப்புவார்கள்; ஆள் குரல் கொடுக்காமல் வாயை மட்டும் அசைத்தால் கருவியே பேசுவதுபோல வரும். ஹெட்போனில் கேட்டால் எழுத்து எழுத்தாகப் பிரிந்து கேட்கிறது, உடம்பு சிலிர்க்கிறது.

பாட்டுத் தேர்விலும் உழைப்பு தெரிகிறது. டெட்ராய்டின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனம் அறுபதுகளில் வெளியிட்ட பாட்டுகளைப் பெரும்பாலும் மோனோவில்தான் (எல்லா ஒலியும் ஒரே தடத்தில்) போடுகிறார்கள், அதுதான் சரி. அந்த சிங்கிள்கள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்ன இசைத்தட்டுகள்) கார் வானொலியின் சின்ன ஒலிபெருக்கியில் எடுபட வேண்டும் என்று கலக்கப்பட்டவை. பிற்பாடு வந்த ஸ்டீரியோவில் டிரம்ஸ் ஒரு காதில், குரல் இன்னொரு காதில் என்று பிய்ந்து கிடக்கும். மோனோவில் மோட்டவுனின் ஆஸ்தான வாத்தியக்காரர் ஜேம்ஸ் ஜேமர்சனின் பாஸ் கிட்டார் நட்டநடுவில் நின்று மொத்தப் பாட்டையும் தூக்குகிறது. மனிதர் வலது கையின் ஒரே விரலால் இதையெல்லாம் வாசித்தார் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் சோல் பாட்டுகளும் நிறைய வருகின்றன. மாலை நேர அறிவிப்பாளர் பாட்டின் முன்னிசை மேல் பேசிக்கொண்டே வந்து, பாடகர் வாயைத் திறக்கும் நொடியில் கச்சிதமாக நிறுத்துகிறார். இது பழைய வித்தை, இப்போது செய்பவர்கள் குறைவு.

சரி, குறைகள். பாட்டு தேய்ந்து முடியும் இடத்தைப் பல நேரம் தானியங்கி வெட்டிவிடுகிறது. சோல் பாட்டில் கடைசி இருபது விநாடிதான் பாடகர் எழுதி வைத்ததை விட்டுவிட்டுத் தன் இஷ்டத்துக்குப் பாடும் இடம், அதை வெட்டுவது பெரிய அநியாயம். சோல் பாடகர் ஓட்டிஸ் ரெடிங் 1967 டிசம்பரில் விமான விபத்தில் இறப்பதற்குச் சில நாள் முன்பு பதிவு செய்த 'டாக் ஆஃப் தி பே' என்ற துறைமுகப் பாட்டு விசிலோடு முடியும். அந்த விசில் மேல் ஜிங்கிளைத் தூக்கிப் போட்டார்கள், எனக்குப் பொறுக்கவில்லை. காலக் குழப்பமும் உண்டு: ஜாம் என்ற இன்னொரு ஜிங்கிள் நிறுவனம் டல்லாஸில் தொடங்கியதே 1974-இல்; அதன் பளபளப்பான ஜிங்கிள் முடிந்ததும் 1962 பாட்டு வந்தால் ஒட்டவே இல்லை. செயலியில் பாட்டு வெளிவந்த ஆண்டும் இசைத்தட்டு நிறுவனமும் தெரிவதில்லை, இதைச் சேர்ப்பது பெரிய வேலையா என்ன?

இவற்றைவிட மோசமானது மறுபதிவு. பாடகர்கள் வயதான பிறகு வேறு நிறுவனத்துக்காகத் தங்கள் வெற்றிப் பாட்டுகளைத் திரும்பப் பாடிக்கொடுத்த பதிவுகள் மலிவுத் தொகுப்புகளில் நிறைய உண்டு, அவற்றில் சில இங்கேயும் புகுந்துவிட்டன. முதல் டிரம்ஸ் அடியிலேயே தெரிந்துவிடும், பழைய கூடத்தின் எதிரொலி இருக்காது. ஒரு பாட்டைக் குறிப்பிட்டு எழுதிக் கேட்டேன். நன்றி சொல்லி பதில் போட்டார்கள், ஒரிஜினல் சிங்கிளையும் தேடி எடுத்து மாற்றிவிட்டார்கள். மற்றவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கேட்பவர்கள் கண்டுபிடித்தால் நிலையத்துக்கு எழுதுங்கள், கட்டாயம் படிக்கிறார்கள்.